மின்னணுவியல் படிக்கும் மகள் கிளஸ்டர் பக்கம் போகலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கணிப்பொறி அறிவியல் மாணவர்களுக்கு உரிய வேலையில் ஏன் இறங்குகிறாள், இது வளாகத் தேர்வுக்கு உதவுமா, இத்தனை செலவு செய்து படித்த பாடம் வீணாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பழகுவதாக நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ‘நோடு ஃபீச்சர் டிஸ்கவரி’ என்ற மென்பொருள் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

இன்று பல நிறுவனங்கள் தங்கள் மென்பொருள்களை, அவை ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துக் ‘கன்டெய்னர்’ என்ற பொதிகளில் அடைத்து, நூற்றுக்கணக்கான இயந்திரங்களை ஒரே கிளஸ்டராக இணைத்து ஓட்டுகின்றன. எந்தக் கன்டெய்னர் எந்த இயந்திரத்தில் ஓடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, கூகுள் நிறுவனம் 2014இல் திறமூலமாக (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்படி) வெளியிட்ட குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள். ஓர் இயந்திரத்தில் எவ்வளவு பிராசசர் திறனும் நினைவகமும் மிச்சம் இருக்கின்றன, அது எந்த வகைக் கட்டமைப்பு, அதில் எந்த இயக்க முறைமை என்பன போன்ற செய்திகள் குபர்னெட்டிஸுக்குத் தானாகவே தெரியும். அதற்கு மேல் அந்த வன்பொருளைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. ஆனால் ஒரு கிளஸ்டரில் உள்ள இயந்திரங்கள் எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. ஒன்றில் ஏவிஎக்ஸ்-512 என்ற கணக்கீட்டுக் கட்டளைத் தொகுதி இருக்கும், பழைய ஒன்றில் இருக்காது. ஒன்றில் ஜிபியு என்ற வரைகலைச் செயலி அட்டை செருகியிருக்கும், பக்கத்தில் இருப்பதில் இருக்காது. ஏவிஎக்ஸ்-512 இருக்கிறது என்று நம்பித் தொகுக்கப்பட்ட ஒரு நிரல், அது இல்லாத இயந்திரத்தில் போய் விழுந்தால், தனக்குத் தெரியாத கட்டளை வந்ததாகப் பிராசசர் மறுத்துவிடும்; நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டிய நோயாளியை, அந்தக் கருவி இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பது போன்ற நிலைமை இது.

இந்த விசாரிப்பைத்தான் உங்கள் மகள் பழகும் மென்பொருள் செய்கிறது. இன்டெல் நிறுவனப் பொறியாளர்கள் 2016 வாக்கில் தொடங்கிய இது, இன்று குபர்னெட்டிஸ் சமூகத்தின் பராமரிப்பில் இருக்கும் திறமூலத் திட்டம். ஒவ்வொரு இயந்திரத்திலும் ‘வொர்க்கர்’ என்ற சிறு நிரல் ஒன்று ஓடி, பிராசசரிடம் அதன் திறன்களைக் கேட்கிறது. லினக்ஸ் இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னல் திறந்துவைத்திருக்கும் கோப்புகளைப் படித்து, அட்டைகளைச் செருகும் பிசிஐ இணைப்பிலும் யூஎஸ்பி இணைப்பிலும் என்ன இருக்கிறது, கெர்னலின் பதிப்பு எது, வட்டு சுழலும் வகையா சுழலாத வகையா என்றெல்லாம் பார்க்கிறது. அமைப்பை மாற்றாவிட்டால் 60 வினாடிக்கு ஒருமுறை இந்தச் சோதனை திரும்ப நடக்கும். அது கண்டறிந்ததை ‘மாஸ்டர்’ என்ற மற்றொரு நிரல் வாங்கி, அந்த இயந்திரத்தின் பெயரில் லேபிள்களாகப் பதிந்துவிடுகிறது. அதன் பிறகு, “இந்த லேபிள் உள்ள இயந்திரத்தில் மட்டும் என் வேலையை ஓட்டு” என்று ஒரு வரி எழுதினால் குபர்னெட்டிஸ் அப்படியே செய்யும். ஜிபியுக்களை இயக்க என்விடியா நிறுவனம் தரும் ‘ஜிபியு ஆபரேட்டர்’ என்ற நிரலும், எந்த இயந்திரத்தில் தன் அட்டை இருக்கிறது என்று அறிய இதே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிராசசரின் கட்டளைத் தொகுதி, பிசிஐ, நினைவகம் எந்தப் பிராசசருக்கு அருகில் இருக்கிறது என்ற நூமா அமைப்பு, ஒரே பிணைய அட்டையைப் பல அட்டைகளாகப் பகிரும் எஸ்ஆர்-ஐஓவி வசதி ஆகிய இவையெல்லாம் யாருடைய பாடம்? உங்கள் மகளின் பாடம்தான். பிசிஐ முறையில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெலின் எண் 8086. நுண்செயலிப் பாடத்தில் இன்டெலின் 8086 சிப்பைப் படித்த மாணவிக்கு அந்த எண்ணை லேபிளில் பார்த்த உடனேயே விஷயம் புரிந்துவிடும். எஸ்ஆர்-ஐஓவி போன்ற வசதிகளைத் தேடி இந்த லேபிள்களைப் பயன்படுத்துவோரில் 5ஜி வலையமைப்பின் மென்பொருளைக் குபர்னெட்டிஸில் ஓட்டும் தொலைத்தொடர்புத் துறையினரும் உண்டு. அது அவள் பட்டத்தின் பெயரிலேயே உள்ள துறை. ஆகவே அவள் தன் பாடத்தை விட்டு விலகவில்லை என்பதே என் உறுதியான கருத்து. கிளஸ்டரை இயக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தக் கிளஸ்டருக்கு அடியில் உள்ள இரும்பையும் சிலிக்கானையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

வேலை பற்றி நேராகவே சொல்லவேண்டும். இந்த மென்பொருளின் பெயரைப் போட்டு யாரும் வேலைக்கு விளம்பரம் செய்யமாட்டார்கள். பிளாட்ஃபார்ம் இன்ஜினியர், சைட் ரிலயபிலிட்டி இன்ஜினியர், கிளவுட் அல்லது ஜிபியு உள்கட்டமைப்புப் பொறியாளர் என்ற பெயர்களில் அந்த வேலைகள் வரும், அவற்றில் கணிசமானவை முன் அனுபவம் கேட்கும். வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய சேவை நிறுவனங்கள் பொதுவான திறனறித் தேர்வு வைத்து எடுத்துக்கொண்டு, பிறகுதான் பிரிவு ஒதுக்குவது வழக்கம். அதனால் அரியர் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், நிரலெழுதும் பயிற்சியும் அவளுக்கு இப்போதும் தேவை. இந்த ஆர்வத்தின் பலன் நேர்முகத் தேர்வில் தெரியும். தான் செய்து பார்த்த ஒன்றை, ஏன் அப்படி நடந்தது என்ற காரணத்தோடு ஒரு மாணவி பத்து நிமிடம் பேசும்போது, எதிரில் இருப்பவர் மதிப்பெண் பட்டியலை மூடிவைத்துவிட்டுக் கேட்பார்.

அப்படிப் பேசுவதற்கு அவள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ‘கைண்ட்’ போன்ற கருவியால் லேப்டாப்பிலேயே பல நோடுகள் (கிளஸ்டரின் இயந்திரங்கள்) கொண்ட கிளஸ்டர் அமைத்துவிடலாம். ஆனால் அந்த நோடுகள் எல்லாம் ஒரே லேப்டாப்பின் கன்டெய்னர்கள் என்பதால், எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே லேபிள்கள்தான் வரும். அதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் விஷயம் பிடிபடாது. கியூஎம்யு என்ற மென்பொருளைக் கொண்டு, லேப்டாப்புக்குள்ளேயே தனிக் கணினிகள் போல ஓடும் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி, ஒன்றில் மட்டும் ஏவிஎக்ஸ்2 போன்ற ஒரு பிராசசர் வசதியை மறைத்துவைத்து, இரண்டையும் ‘கே3எஸ்’ என்ற எளிய வகைக் குபர்னெட்டிஸ் மூலம் இணைக்கட்டும். இப்போது லேபிள்கள் வேறுபடும். அந்த வசதியைக் கேட்கும் ஒரு நிரலை எழுதி, லேபிள் நிபந்தனை இல்லாமல் ஒருமுறையும் நிபந்தனையோடு ஒருமுறையும் ஓட்டிப் பார்த்து, நடந்ததை எழுதிவைக்கட்டும். அடுத்ததாக, தானே ஒரு விதி எழுதி, இந்தப் பிசிஐ அட்டையும் இந்தக் கெர்னல் வசதியும் சேர்ந்து இருந்தால் இன்ன லேபிள் போடு என்று சொல்லிப் பார்க்கலாம். மூலநிரல் கோ மொழியில் இருக்கிறது. அதைப் படிக்கத் தொடங்கினால், ஆவணத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவதிலிருந்து பங்களிப்புக்கு வழி கிடைக்கும்.

வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையத்தில் இப்போது சேர்க்கவேண்டாம். இயக்க முறைமை, கணிப்பொறிக் கட்டமைப்பு ஆகிய இரண்டையும் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் பாடங்களில் கட்டணமின்றிக் கேட்கலாம். அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. சிகேஏ என்ற குபர்னெட்டிஸ் சான்றிதழ் இரண்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு. மதிப்பு உண்டு, ஆனால் கட்டணமும் அதிகம், காலாவதித் தேதியும் உண்டு. அதை இறுதியாண்டில், அவள் கை நன்றாகப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

புது லேப்டாப் கேட்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன சோதனைக்கு 8 ஜிபி நினைவகத்திலேயே இரண்டு சிறிய மெய்நிகர் இயந்திரங்களைச் சமாளித்து ஓட்டிவிடலாம். 16 ஜிபி இருந்தால் சிரமம் இருக்காது. இப்போதுள்ள லேப்டாப்பில் நினைவகத்தைக் கூட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்தச் செலவு மட்டும் போதும்.