பொற்கொல்லர் எலிஜியுஸ் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், ஓர்சான்மிக்கேலே ஆலயத்தின் வெளிச்சுவரில் உள்ள புனித எலிஜியுஸ் சிலையின் படத்தை அண்மையில் பார்த்தேன். சிலைக்குக் கீழே உள்ள புடைப்புச் சிற்பத்தில் அவர் குதிரையின் காலைத் தனியே கழற்றி வைத்து லாடம் அடிக்கிறார். பிறகு அந்தக் காலைத் திரும்பப் பொருத்திவிடுவாராம். அரசவையில் செல்வாக்கோடு இருந்த ஏழாம் நூற்றாண்டு பிராங்கிய (இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட இனத்தவரின் அரசைச் சேர்ந்த) ஆயர் ஒருவர் இத்தகைய கதைகளால்தான் புனிதர் ஆனாரா? இவற்றை விலக்கினால் வரலாற்றில் என்ன எஞ்சும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நிறையவே எஞ்சுகிறது. குதிரைக் கால் கதை, எலிஜியுஸின் நண்பரும் ரூவான் நகரின் ஆயருமான ஔதோயின் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இல்லவே இல்லை. கொல்லர்களும் லாடம் அடிப்பவர்களும் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடத் தொடங்கிய பிற்காலத்தில் பரவிய கதை அது. நன்னி தி பாங்கோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சிலையைச் செதுக்கியதும் அவர்களுடைய சங்கத்துக்காகத்தான். ஔதோயினின் நூலிலும் அற்புதங்கள் உண்டு, பின்னாளில் திருத்தப்பட்ட வடிவமே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் அதில் ஒரு மனிதர் தெளிவாகத் தெரிகிறார்.

பிரான்சின் லிமோஷ் அருகே 588ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த எலிஜியுஸ், அந்நகரின் நாணயம் அடிக்கும் தங்கசாலையை நடத்திவந்த அப்போ என்பவரிடம் தொழில் பழகினார். இரண்டாம் குளோத்தார் மன்னர் ஓர் அரியணை செய்யப் பொன் கொடுத்தபோது, அதே பொன்னில் இரண்டு அரியணைகள் செய்து, ஒன்றைக் காட்டி மன்னர் வியந்து முடித்த பிறகே மற்றொன்றை முன்னால் வைத்தார். அரம் தின்றது, நெருப்பு தின்றது என்று பிறர் சொல்வதைப் போல அவர் சேதாரக் கணக்கு சொல்லவில்லை என்று ஔதோயின் குறிப்பிடுகிறார். தொழிலின் உள்விவரம் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட வரி என்றே இதை நான் நினைக்கிறேன். குளோத்தாரின் மகன் டகோபர்ட் மன்னரின் காலத்தில் எலிஜியுஸின் பெயர் பொறித்த பொற்காசுகள் இன்றும் உள்ளன. அவர் செய்ததாகச் சொல்லப்படும் பாரிஸ் அருகே இருந்த ஷெல் மடத்தின் கிண்ணம் பிரெஞ்சுப் புரட்சியில் அழிந்தது. அவர் செய்ததாகவே சொல்லப்படும் சாந்தெனி ஆலயச் சிலுவையின் ஒரு துண்டு மட்டும் பாரிஸில் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை அவருடைய புனிதத்தின் மையம் அடிமைச் சந்தையில்தான் இருக்கிறது. எங்கே அடிமைகள் விற்பனைக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் அவர் விரைந்து போய், இருபது முப்பது பேராகவும், சில சமயம் கப்பலில் வந்திறங்கிய நூறு பேரையும் ஒரே தடவையாக விலைகொடுத்து மீட்டார். அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானிய இனத்தவரான சாக்சனியர். கையில் பணம் தீர்ந்தால் இடைக்கச்சையையும் மேலாடையையும் காலணியையும்கூடக் கொடுத்துவிடுவார். பிறகு மன்னர் முன்னிலையில் காசு எறிந்து விடுவிக்கும் பிராங்கிய வழக்கப்படி விடுதலைப் பத்திரம் வாங்கித் தருவார். அதோடு விட்டுவிடவும் இல்லை. சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு வழிச்செலவு. தங்க விரும்புவோர் அவரிடம் பணியாளராக அல்லாமல் சகோதரராக இருக்கலாம். துறவை விரும்புவோருக்கு மடத்தில் இடம். அவர் 632இல் நிறுவிய சொலின்யாக் மடத்தில் துறவியான தில்லோ, இப்படி மீட்கப்பட்ட சாக்சனியரே.

இது அடிமை முறையையே ஒழித்த செயல் அல்ல. அதை அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் அரசருக்குப் பொன் அளந்த கையே அந்தப் பொன்னை மனிதரின் விடுதலைக்கு அளந்தது என்பதை நான் எந்த அற்புதத்துக்கும் மேலாக வைக்கிறேன். அரசவைச் செல்வாக்கோடு இருந்தவர் எப்படிப் புனிதர் ஆனார் என்ற உங்கள் கேள்விக்கும் என் பதில் இதுவே.

641இல் நுவாயோன், துர்னே பகுதிகளின் ஆயராகி, இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பிளாண்டர்ஸ் மக்களிடையே போதித்து, 660 டிசம்பர் 1 அன்று இறந்தார். அவர் உடலை ஷெல் மடத்துக்குக் கொண்டுபோக விரும்பி வந்த பிராங்கிய அரசி பால்தில்ட், சவப்பெட்டியை அசைக்கக்கூட முடியாமல் போகவே, நுவாயோனிலேயே விட்டுச் சென்றார் என்கிறது நூல். இந்த அரசியே கடல் கடந்து விற்கப்பட்டு வந்த சாக்சனிய அடிமைப் பெண். பின்னர் கிறிஸ்தவ அடிமைகளைத் தம் நாட்டின் வழியே கொண்டுசெல்வதைத் தடைசெய்தவர். அந்தப் பெட்டியின் அருகே இவர் நின்றதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

பின்வந்த வழிபாடு அவருடைய சுத்தியலைப் பற்றிக்கொண்ட அளவுக்கு அவர் மீட்ட மனிதர்களைப் பற்றிக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். விதிவிலக்காக, வட பிரான்சின் பெத்யூன் நகரைச் சொல்ல வேண்டும். 1188இல் கொள்ளைநோய் பரவியபோது இரண்டு கொல்லர்களுக்கு எலிஜியுஸ் தோன்றி, இறந்தவர்களை அடக்கம் செய்யுமாறு கேட்டாராம். அதிலிருந்து தொடங்கிய சகோதர சபையினர் கருப்பு உடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, ஏழை பணக்காரர் பார்க்காமல், கூலி வாங்காமல் இன்றும் சவப்பெட்டிகளைச் சுமக்கிறார்கள்.

ஔதோயினின் நூலை முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள். ஆயராவதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் அதில்தான் உள்ளது; கல்லறை அற்புதங்கள் இரண்டாம் பகுதியில்தான் வரும்.