ஆப்சென்ட் ஆன மறுநாள் என்ன செய்வது? வருகைப்பதிவு பற்றிய கேள்வி பதில்

உயர்நிலைப் பள்ளி வருகைப்பதிவு, விடுப்பு, ஷார்டேஜ் (வருகைக் குறைவு) பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் சொல்கிறேன். வகுப்பாசிரியராகவும் பிறகு வருகைப்பதிவுப் பொறுப்பாளராகவும் வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை. சதவீதமும் படிவமும் வாரியத்துக்கு வாரியம் மாறும். உங்கள் பள்ளியின் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): சார், 140 வேலை நாளில் 98 நாள்தான் வந்திருக்கிறேன். 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும் தம்பி. முதலில் கணக்கைப் பார். ஆண்டுக்கு 200 வேலை நாள் என்றால் உனக்கு வேண்டியது 150. இப்போது 98 இருக்கிறது, இன்னும் 52 வேண்டும். மீதி 60 நாள். அப்படியென்றால் இனி 8 நாள்தான் நீ விடுப்பு எடுக்கலாம். அதையும் காய்ச்சல் வந்தால் வேண்டும் என்று ஒதுக்கி வை. இன்றிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் வந்தால் 28ஆவது நாளில் 75ஐத் தொட்டுவிடுவாய்.

விட்ட நாள்களில் உடம்பு சரியில்லாத நாள்கள் இருந்தால் அதற்கான மருத்துவச் சான்றிதழை இப்போதே கொடுத்துவிடு. நியாயமான காரணம் இருந்தால் குறைவை மன்னிக்கப் பல வாரியங்களில் வழி உண்டு. சி.பி.எஸ்.இ.யையே எடுத்துக்கொள். அங்கே விதி 75 சதவீதம்தான், ஆனால் நீண்டநாள் நோய், பெற்றோர் மரணம், தேசிய அளவிலான விளையாட்டு போன்றவற்றுக்கு ஆவணத்தோடு விண்ணப்பிக்கலாம். ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் போய் நின்றால் தலைமையாசிரியர் மனது வைத்தாலும் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

கேள்வி (ஒரு தாய்): ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னால் பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது. நடிக்கிறாளா?

பதில்: நடிக்கிறாள் என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. பயமும் பதற்றமும் வயிற்றில் உண்மையான வலியாகவே வரும். வீட்டில் இருக்கலாம் என்றதும் பதற்றம் இறங்குகிறது, வலியும் இறங்குகிறது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுப்பதை 'பள்ளி மறுப்பு' என்பார்கள். அதைப் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்த உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி, அதற்குப் பின்னால் இருப்பவற்றை நான்காகப் பிரிக்கிறார். பள்ளியில் மனத்தைத் தொந்தரவு செய்யும் ஏதோ ஒன்றைத் தவிர்ப்பது ஒன்று. பிறர் முன் நிற்பது, பேசுவது, தேர்வு எழுதுவது போன்றவற்றிலிருந்து தப்பிப்பது இரண்டாவது. பெற்றோரின் அருகாமையும் கவனிப்பும் வேண்டும் என்பது மூன்றாவது. பள்ளிக்கு வெளியே அதைவிட இனிமையான ஏதோ ஒன்று இழுப்பது நான்காவது. உங்கள் மகள் இதில் எது என்று தெரியாமல் திட்டினாலும் பயனில்லை, கொஞ்சினாலும் பயனில்லை.

ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்: எந்தக் கிழமை வலி வந்தது, அன்று என்ன பீரியட், முந்தைய நாள் என்ன நடந்தது, விடுமுறை நாளில் வந்ததா. வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அதில் தெரியும். குறிப்பிட்ட பாட நாளில் வந்தால் அந்த வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். எல்லா நாளும் வந்தால் பேருந்து, உணவு இடைவேளை, கழிப்பறைப் பக்கம் யாராவது வம்பு செய்கிறார்களா என்று விசாரியுங்கள். பெரியவர்கள் கண்ணில் படாமல் கொடுமை நடப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

அப்புறம், வீட்டில் இருக்கும் நாள் நீள நீளத் திரும்பிப் போவது கடினமாகும். முழு நாள் முடியாவிட்டால் முதல் இரண்டு பீரியடாவது போகட்டும் என்று வகுப்பாசிரியரிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் இருக்கும் நாளிலும் பள்ளி நேரத்தில் போன், டிவி வேண்டாம், பாடம் மட்டும். இதைத் தண்டனை மாதிரி சொல்லாமல் இயல்பாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அசைவு இல்லையென்றால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி (தலைமையாசிரியர்): எங்கள் பள்ளியின் சராசரி வருகை 95 சதவீதம். இதற்கு மேல் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கலாம் ஐயா. 40 பேர் உள்ள வகுப்பில் 95 சதவீதம் என்றால் தினம் 2 பேர் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இருவர் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ஐந்தே பேர் மாறி மாறி, ஆளுக்கு 40 சதவீத நாள்களில் வராமல் இருந்தாலும் அதே 95தான் வரும். அந்த ஐந்து பேரின் ஆண்டு போய்விட்டது, சராசரி அதைக் காட்டாது.

அதனால் மாணவர் வாரியாகப் பாருங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 10 சதவீத நாள்களைத் தவறவிட்டாலே எச்சரிக்கை எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் நோயா, மட்டம் போட்டதா என்று அங்கே பிரிப்பதில்லை, ஏனென்றால் எந்தக் காரணமானாலும் விட்ட பாடம் விட்டதுதான். மாதத்துக்கு இரண்டு நாள் என்பது கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆண்டுக் கடைசியில் அந்த எல்லையைத் தொட்டிருக்கும். நூறு சதவீதம் வந்தவர்களின் பட்டியலைவிட இந்த எல்லையைத் தொட்டவர்களின் பட்டியல்தான் மாதாமாதம் உங்கள் மேசைக்கு வர வேண்டும்.

கேள்வி (ஆசிரியை): முழு வருகைக்குப் பரிசு கொடுத்தால் மாணவர்கள் ஒழுங்காக வருவார்களா?

பதில்: எனக்கு இதில் நம்பிக்கை இல்லை டீச்சர். கலிஃபோர்னியாவில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு மாதம் முழுமையாக வந்தால் விருது என்று முன்கூட்டியே அறிவித்தபோது சராசரியாக எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே முழுமையாக வந்தவர்களுக்கு எதிர்பாராமல் விருது கொடுத்தபோது, அடுத்த மாதம் அவர்களின் வருகை கொஞ்சம் குறைந்தது. தேவைக்கு மேலேயே வந்துவிட்டோம் என்ற எண்ணத்தை அது கொடுத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தவிர, முழு வருகைப் பரிசு என்றால் நாள்பட்ட நோயுள்ள பிள்ளை என்ன செய்தாலும் வாங்க முடியாது. காய்ச்சலோடு வந்து பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டவைப்பதும் நடக்கும்.

அதைவிட உருப்படியானது வீட்டுக்கு ஒரு கடிதம். ஃபிலடெல்ஃபியாவில் டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற ஆய்வாளர்கள், பிள்ளை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோருக்குத் தபாலில் தெரிவித்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி அடிக்கடி வராமல் இருப்பவர்களின் எண்ணிக்கை 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெரும்பாலான பெற்றோர் குறைத்தே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடிதத்தில் மிரட்டல் வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்): அடிக்கடி கட் அடிக்கும் மாணவரை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்யச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. பள்ளிக்கு வராததற்குத் தண்டனையாகப் பள்ளிக்கு வராதே என்பதா? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2013இல் சட்டம் போட்டே இதைத் தடுத்தது. மதியம் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரவைத்து விட்ட பாடத்தை முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவி): அம்மா படுக்கையில் இருக்கிறார். மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போக வேண்டும். காரணம் கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. காரணம் எழுதாமல் லீவு போட்டால் 'தகவல் இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள்.

பதில்: அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை கண்ணு. வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. நீ நம்புகிற ஒரே ஒரு ஆசிரியரிடம் தனியாகச் சொல், வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடு. மருத்துவமனைச் சீட்டின் நகலையும், அடுத்தடுத்துப் போக வேண்டிய தேதிகளையும் சேர்த்துக் கொடு. முன்கூட்டித் தெரிந்தால் அன்றைய தேர்வை மாற்றி வைக்கலாம், குறிப்புகளை வாங்கி வைக்கலாம், விடுப்பையும் உரிய காரணத்தில் பதியலாம். நீ போகாவிட்டால் அம்மாவை வேறு யார் கூட்டிப் போக முடியும் என்று யோசிக்கவும் அந்த ஆசிரியரால் உதவ முடியும். பெரியவர்கள் சுமக்க வேண்டியதை நீ ஒருத்தியே சுமக்கக் கூடாது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலைந்து நாள் கழித்து வரும் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துக் காரணம் கேட்காதீர்கள். "வந்துட்டியா, நல்லது, உட்காரு" போதும். மற்றது வகுப்பு முடிந்த பிறகு தனியாக.

கேள்வி (ஒரு தந்தை): பையன் தினமும் கால் மணி நேரம் தாமதம். மூன்று தாமதம் ஒரு ஆப்சென்ட் என்கிறது பள்ளி.

பதில்: அப்படி ஒரு விதி இருந்தால் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பதின்வயதில் தூக்கம் வரும் நேரமே உடலில் பின்னால் தள்ளிப்போகிறது, சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரத்தை அதிகம் மாற்றாமல் இருந்தால் திங்கட்கிழமைத் தாமதம் முதலில் குறையும்.

கேள்வி (மாணவர்): வந்திருந்தும் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். மாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் சீக்கிரம் கேட்க வேண்டும். அன்று மற்ற பீரியட்களில் எடுத்த பதிவு, எழுதிய சிறு தேர்வு, கையெழுத்தான நோட்டு, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள் வகுப்பாசிரியரைப் பார். மாதக் கூட்டல் போட்டு மேலே அனுப்பிவிட்டால் திருத்தத்துக்குத் தலைமையாசிரியர் வரை போக வேண்டிவரும். மாதம் ஒருமுறை உன் எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்.