ஜிம்மிக்காக ஜெபிக்கலாமா?

வாசகர் கேள்வி – போதகர் பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 63. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மகன் துபாயில் இருக்கிறான். வீட்டில் எனக்குத் துணை ஜிம்மி மட்டுந்தான். என் கணவர் ஒரு மழை நாளில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாய்க்குட்டி. இப்போது 11 வயது. சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறோம். தட்டைக் கீழே வைக்கும் சத்தத்துக்கே ஓடி வருகிறவன், இப்போது தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்கச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், நாய்கள் புறம்பே இருக்கும் என்று வெளிப்படுத்தின விசேஷத்திலேயே எழுதியிருக்கிறதே என்றார். மற்றொருவர் ஜெப எண்ணெய்ப் புட்டியைக் கையில் கொடுத்து, விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிள்ளைகள் துடிக்கும்போது ஒரு நாய்க்காக அழுவது பாவமோ என்று இரவெல்லாம் உறக்கமில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, ஜெபிக்கலாம். தயங்காமல் ஜெபியுங்கள்.

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். வெளிப்படுத்தின விசேஷம் 22:15-இல் நாய்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர்கள் சூனியக்காரர், கொலைபாதகர், விக்கிரகாராதனைக்காரர், பொய்யை விரும்புகிறவர்கள். எல்லாரும் மனிதர்கள், அந்த வரிசையில் வரும் நாயும் மனிதரைக் குறித்த வசைச்சொல்தான். நம் தெருவில் ஒருவர் மற்றவரை அப்படித் திட்டினால், அது நாலுகால் பிராணியைப் பற்றிய தீர்ப்பென்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேதத்தில், எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று கானானியப் பெண் சொன்னபோது, ஆண்டவர் அவளுடைய விசுவாசத்தைப் பெரிதென்றார். மத்தேயு 15-ஆம் அதிகாரத்தில் அவள் வாயில் வரும் கிரேக்கச் சொல், வீட்டுக்குள் வளைய வரும் சிறு நாயைக் குறிப்பது. உங்கள் ஜிம்மியின் இனத்தார் வேதத்திலும் மேஜைக்கடியில்தான் இருக்கிறார்கள்.

அடுத்து, பிள்ளைகள் துடிக்கும்போது நாய்க்காக அழலாமா என்ற கேள்வி. தேவனுடைய இரக்கம் ரேஷன் கடைச் சர்க்கரையன்று, நீங்கள் ஒரு கிலோ வாங்கிவிட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவருக்கு இல்லாமற்போவதற்கு. மத்தேயு, இரண்டு அடைக்கலான் குருவிகள் ஒரு காசு என்று எழுதுகிறார். லூக்காவோ, இரண்டு காசுக்கு ஐந்து என்கிறார். கணக்குப் பார்த்தால் நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான், அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று ஆண்டவர் சொன்னார். அங்கே அவர் நமக்குச் சொல்ல வந்தது நாம் குருவிகளைவிட விசேஷித்தவர்கள் என்பதே, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குருவி ஒரு பொருட்டல்ல என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் நீண்ட கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். (இடம் கருதிச் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.) அதில் ஜிம்மியின் தட்டு, மருந்து, அவன் படுக்கும் சாக்கு எல்லாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், கணவரைப் பற்றி மூன்றே வரிகள்தான். ஆனால் அந்த மூன்று வரிகளில் ஒன்று, அவர் நோயாய்க் கிடந்த மாதங்களில் கட்டிலுக்கடியைவிட்டு ஜிம்மி நகரவில்லை என்பது. அவருடைய கடைசி நாட்களை உங்களோடு சேர்ந்து பார்த்த ஒரே ஜீவன் இப்போது சாகக் கிடக்கிறது. ஆகவே இப்போது வருகிற கண்ணீர் முழுவதும் நாய்க்கானதா என்று நீங்களே உங்களைக் கேட்டுப்பாருங்கள். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையில், ஐசுவரியவான் ஒருவன் பிடித்துச் சமைத்துவிட்ட ஏழையின் ஆட்டுக்குட்டி, அந்த ஏழையின் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது என்று வருகிறது. அதைக் கேட்டு ராஜா சிரிக்கவில்லை, கோபத்தால் மூண்டெழுந்தான். ஒரு பிராணி ஒரு வீட்டுக்கு எவ்வளவாக இருக்கக்கூடும் என்பதை, முன்பு மேய்ப்பனாயிருந்த அந்த ராஜாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

எப்படி ஜெபிப்பது? சுகம் வேண்டுமென்று நேராகவே கேளுங்கள். பக்தியுள்ளவர்கள் பலர் முதல் வார்த்தையாகவே "உம்முடைய சித்தம்" என்று சொல்லி, மனத்தில் கிடக்கிற ஆசையை மறைத்துக்கொள்கிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் ஆண்டவர், இந்தப் பாத்திரம் நீங்கும்படி செய்யும் என்று முதலில் கேட்டார். சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தது அதற்குப் பிறகுதான். சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் விலாவில் கையை வைத்துக்கொண்டு, "கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்ற 36-ஆம் சங்கீதத்தின் வரியைச் சொல்லுங்கள். மூச்சு ஏறி இறங்குவது உள்ளங்கைக்குத் தெரியும். அதற்குமேல் வார்த்தை வராவிட்டால் அழுங்கள். 56-ஆம் சங்கீதம் கண்ணீரைத் தேவனுடைய துருத்தியில், அதாவது தோல்பையில், வைக்கச் சொல்லி, அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது என்று கேட்கிறது. எதற்காகச் சிந்திய கண்ணீர் என்று தரம்பிரித்து அங்கே எழுதுவதாக நான் வாசித்ததில்லை.

எண்ணெயை அவனுக்குப் பூச வேண்டாம். இதில் வேத விவாதம் ஒன்றுமில்லை. உடம்பில் எதைத் தடவினாலும் நாய் நக்கிவிடும், ஏற்கெனவே குமட்டலில் இருக்கிற வயிற்றுக்கு அது ஆகாது. மருத்துவர் சொல்லாமல் ஊசியை நிறுத்தாதீர்கள். நாட்பட்டுக் கெட்டுப்போன சிறுநீரகம் மறுபடி வளர்வதில்லை. சலைனும் குமட்டல் மருந்தும் தருவது இருக்கிற நாட்களுக்கான இலேசு. அந்த இலேசும் நீங்கள் கேட்டதற்கான பதில்தான். நாளை அவன் இரண்டு வாய் தின்றால், நோய் போய்விட்டதென்று சாட்சி சொல்லப் புறப்படாமல், அந்த இரண்டு வாய்க்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவன் பிழைக்காவிட்டால், உங்கள் விசுவாசம் குறைந்ததால்தான் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சங்கத்தில் சிரிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைச் சலைன் ஏற்றும் நாளில் வீட்டுக்கு அழையுங்கள். பாட்டிலைப் பிடிக்கவும் ஒரு கை வேண்டுமே.

கேள்வி: வலி தாங்காமல் கிடக்கும் நாயைக் கருணை ஊசி போட்டு அனுப்புவது பாவமா? ஜெபித்துக் காத்திருப்பதுதானே சரி?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இதில் போதகர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, என் தீர்மானத்தைச் சொல்கிறேன். நீதிமொழிகள் 12:10, நீதிமான் தன் மிருகஜீவனுடைய உயிரைக் காப்பாற்றுகிறான் என்கிறது. ஆகையால் செலவு மிச்சம், தொல்லை விட்டது என்பதற்காக ஊசியைத் தேடுகிறவருக்கு என் பதில் இல்லை என்பதே. ஆனால் மருந்து எதுவும் வலியைத் தணிக்கவில்லை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னபின், தன் வேதனைக்கு அர்த்தம் தேட வழியில்லாத ஒரு பிராணியை, நமக்குப் பிரிய மனமில்லை என்பதற்காக நாட்கணக்கில் கிடக்க வைப்பதை நான் காத்திருத்தல் என்று சொல்லமாட்டேன். அப்போது கருணை ஊசி போடுவது பாவமென்றும் நான் கருதவில்லை. முதலில் ஆழ்ந்த மயக்கம் தரும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க முடியாதென்று அறையைவிட்டு வெளியே போய்விடாதீர்கள். தலையை மடியில் வைத்துக்கொண்டு, அது கேட்டுப் பழகிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருங்கள்.