வன்னியைச் சுற்றிப் பார்க்க ஒரு நாளுக்கு வான் பிடிக்கிறீர்களா?

கேள்வி: நான் ஹற்றனில் ஆசிரியை. பாடசாலை விடுமுறையில் கிளிநொச்சியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் குடும்பமாக வருகிறோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து போய் வன்னியில் குடியேறிய குடும்பம் அவர்களுடையது. பிள்ளைகளோடு எட்டுப் பேர். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. ஒரு நாள் மட்டும் சாரதியோடு வான் எடுத்து முல்லைத்தீவு, மடு, மன்னார் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? நாள் வாடகை பேசுவதா, கிலோமீற்றர் கணக்கில் பேசுவதா? சித்தப்பாவின் மகனை 2009இல், போரின் கடைசிக் கட்டத்தில், முள்ளிவாய்க்காலில் இழந்தோம். அங்கே ஒரு பூ வைக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறார்.

பதில்:

முல்லைத்தீவையும் மன்னாரையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று கிழக்குக் கரை, மற்றது மேற்குக் கரை. கிளிநொச்சியிலிருந்து மடு, திருக்கேதீச்சரம், தலைமன்னார் என்று போய்த் திரும்பினாலே 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். கார், வான்களுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் சட்டம் அனுமதிக்கும் வேகம். எட்டுப் பேர் ஏறி இறங்கி, தேநீர் குடித்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வரும் நாளில் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று கணக்குப் போடுவதுதான் நியாயம். அம்மாவின் மனம் முள்ளிவாய்க்காலில் இருக்கிறது. அதனால் கிழக்கே போங்கள்.

கிழக்கு வட்டம், இடையில் விலகிப் போகும் இடங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 160 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து தெற்கே மாங்குளம், அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, பிறகு புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் வழியாகத் திரும்பவும் கிளிநொச்சி. இந்த வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். மாங்குளம் பக்கம் காலையில், பரந்தன் பக்கம் மாலையில். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காடு. பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். பரந்தன் வீதியில் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு சில்லுக் காற்றுப் போனாலும் உதவிக்கு ஆள் வரும். மாறிச் சுற்றினால் களைத்த பிள்ளைகளோடும் களைத்த சாரதியோடும் இருட்டில் காட்டு வழியில் மாட்டிக்கொள்வீர்கள். ஊர்ப்பக்க வீதி என்றாலும் ஆறு மணிக்குள் வீடு சேர்வதுதான் நல்லது. இரவில் சூடு பிடித்த தார் வீதியில் மாடுகள் வந்து படுத்துவிடும். கறுப்பு மாடு என்றால் விளக்கு வெளிச்சம் அதன் மேல் விழும்வரை தெரியாது. இந்தப் பக்கத்துச் சாரதிகள் யானையை விட அதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

காலை ஆறு மணிக்கே புறப்படுங்கள். முதலில் இரணைமடு. வடக்கின் மிகப் பெரிய குளம், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. வெயில் ஏறுவதற்குள் குளக்கட்டில் பிள்ளைகளை நடக்க விடுங்கள். அடுத்தது முறிகண்டி. அங்கே நிறுத்தச் சொல்லி நீங்கள் கேட்கவே வேண்டாம், சாரதி தானாக நிறுத்துவார். ஏ9 வீதியில் போகும் பஸ்ஸும் லொறியும் அந்தப் பிள்ளையாரிடம் ஒரு கற்பூரம் கொளுத்தாமல் தாண்டுவது அரிது. மணலில் வறுத்த கச்சானைச் சுடச்சுட அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியானம் வரை பிள்ளைகளுக்கு வேறு தீனி தேவைப்படாது.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். அதற்கு அண்மையில் கற்சிலைமடு. 1803 ஒக்டோபர் 31 அன்று, வன்னியை ஆண்ட பண்டார வன்னியனை கப்டன் டிறிபேர்க் தோற்கடித்ததாக வெள்ளையர் கல்லில் வெட்டி நட்ட இடம் அது. தோற்கடித்தவர்கள் நட்ட கல்லின் மூலமாகத் தோற்றவனின் பெயர் அந்த மண்ணில் நிலைத்திருப்பதை, ஆசிரியையான நீங்கள் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

முள்ளியவளையில் திரும்பினால் வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்தில் கண்ணகி அம்மன். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரியும் கோயில் இதுதான். பொங்கல் நாட்களில் சனவெள்ளம். மற்ற நாட்களில் மர நிழலும் அமைதியும். இங்கே ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. மதியப் பூசை முடிந்ததும் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். ஆகவே பதினொன்றரைக்கு முன் வற்றாப்பளையில் நிற்க வேண்டும். அதன் பிறகு முல்லைத்தீவு நகரில் மீன் சோறு. கோயில் முதலில், மீன் பிறகு என்ற வரிசையில் அம்மாவுக்கும் சங்கடம் இராது. சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரையில் காலாறலாம். குளிக்க மட்டும் விடாதீர்கள். கரையில் நிற்கும் மீனவர் ஒருவரைக் கேட்டால் அந்தக் கடலின் இழுவையைப் பற்றி அவரே சொல்வார்.

இனி அம்மா கேட்ட இடம். முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். நினைவிடத்துக்குப் போகும் வழி இந்தப் பக்கத்துச் சாரதிகளுக்குத் தெரியும். பூ, கற்பூரம், ஒரு சிட்டி விளக்கு, கொஞ்சம் எண்ணெய் எல்லாவற்றையும் கிளிநொச்சியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கடற்காற்றில் விளக்கு நிற்காது, மறைப்புக்கு ஒரு தகரப் பேணியும் எடுத்துப் போங்கள். அம்மாவுக்கு வெயில் தாங்காது என்பதால் மூன்று மணிக்குப் பின் போய்ச் சேருங்கள். அங்கிருந்து அடுத்த இடத்துக்கு அவசரப்படுத்தாமல் அவர் எழுந்திருக்கும்வரை இருங்கள். அன்றைய பயணத்தில் எதைக் குறைத்தாலும் இந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

வானைப் பேசும்போதே சாரதியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். வன்னியில் வான் ஓட்டுகிற ஒருவர் அதே வழியால் 2009இல் தன் குடும்பத்தோடு நடந்தவராக இருக்கக்கூடும். வட்டுவாகல் பாலம் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிப் பாட்டை நிறுத்திவிடும் சாரதிகளை எனக்குத் தெரியும். ‘நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள், வீட்டில் யாரும் போனார்களா’ என்று கேட்காதீர்கள். நீங்கள் யாருக்காகப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அது போதும். பேச வேண்டும் என்று தோன்றினால் அவர் பேசுவார். உங்களோடு இறங்கி வந்து விளக்கேற்றவும் செய்வார். அவரைச் சுற்றுலா வழிகாட்டியாக நடத்தாமல் இருப்பதே நீங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை.

வழியில் இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். சிவப்பு நிறத்தில் மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் பழம் பொறுக்கப் பற்றைக்குள் ஓடுவார்கள், சிறுநீர் கழிக்க ஒதுங்குவார்கள். அதனால் இதைப் புறப்படும் முன்பே அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வீதியும் ஊர்மனையும் விட்டு விலகாதவரை பயப்பட ஒன்றுமில்லை.

வாடகைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகவும் பேசுவார்கள். உங்கள் பயணத்துக்குக் கிலோமீற்றர் கணக்கு வேண்டாம், மொத்தமாகப் பேசுங்கள். இத்தனை மணிக்கு வந்து இத்தனை மணிக்கு விடுவது, இந்த இந்த இடங்கள், இவ்வளவு தொகை. கிலோமீற்றர் கணக்கில் ஓடும் சாரதிக்கு நீங்கள் ஓரிடத்தில் நிற்கும் நேரமெல்லாம் நட்டம். அவர் நல்லவராகவே இருந்தாலும் முள்ளிவாய்க்காலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதையும் அவர் மேல் பிழையாகச் சொல்ல முடியாது. மொத்தமாகப் பேசினால் அந்த இழுபறி இல்லை.

வான் எந்த ஊர்க்காரருடையது என்பது தொகையைவிட முக்கியம். வாடகைக் கணக்கு வாகனம் தன் வீட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுக்குத் திரும்பும்வரை ஓடும். யாழ்ப்பாணத்து வானைப் பிடித்தால் கிளிநொச்சிக்கு வர ஏறத்தாழ 65 கிலோமீற்றர், திரும்பிப் போக இன்னொரு 65. நீங்கள் ஏறாத 130 கிலோமீற்றருக்கும் காசு உங்களுடையதுதான். சித்தப்பாவின் அயலில் கேளுங்கள். கிளிநொச்சியிலேயே வான் உண்டு. சித்தப்பாவுக்குத் தெரிந்த சாரதி என்றால் காட்டு வழியில் எந்த வளைவில் யானை நிற்கும், எந்தக் கடையில் பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறது என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் கிடைக்கும். எந்தக் கைபேசி வரைபடமும் இதைச் சொல்லாது.

பேசி முடித்ததை அன்றிரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவரிடம் ‘சரி’ என்று ஒரு பதில் வாங்குங்கள். எரிபொருள் தொகைக்குள் அடக்கமா, குளிரூட்டி நாள் முழுக்கப் போடுவாரா, நேரம் கடந்தால் மணிக்கு எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். முன்பணம் எரிபொருளுக்குப் போதுமான அளவு கொடுங்கள், மீதி வீடு வந்த பிறகு. வாகனத்துக்கு வாடகை ஓட்டத்துக்கான காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொந்தப் பாவனைக்கென்று மட்டும் காப்புறுதி எடுத்த வான் வாடகைக்கு ஓடி விபத்தில் சிக்கினால் இழப்பீடு பெறுவது பெரும்பாடு.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை: முதல் நாள் இரவு எங்கே ஓடினீர்கள்? வன்னியில் வான் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வருமானம் தரும் ஓட்டம் கட்டுநாயக்க விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டிவந்து, அதிகாலையில் வீட்டில் இறக்கிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். உழைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஆனால் உங்கள் எட்டு உயிரும் அவருடைய கண்ணில் இருக்கிறது. விமான நிலைய ஓட்டம் என்று சொன்னால் பயண நாளை மாற்றுங்கள், அல்லது வேறு ஆளைத் தேடுங்கள். மத்தியானச் சோற்றுக்குப் பின் அரை மணி நேரம் அவர் வானிலேயே சாய்ந்து கண்ணயர இடம் கொடுங்கள். சாப்பாட்டையும் உங்களோடு சேர்த்தே வாங்குங்கள், தனியாக உட்கார வைக்காதீர்கள். அவசரம் என்றால் 1990 இலவச அம்பியூலன்ஸ் வன்னிக்கும் வரும்.

எட்டுப் பேருக்கு ஹையேஸ் அளவுள்ள வான் வேண்டும். அதன் படி உயரம், முழங்கால் வலிக்கு ஆகாது. வீட்டிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போங்கள். சாரதி கதவைத் திறந்ததும் பேரப்பிள்ளை ஒன்று முக்காலியை வைத்துப் பிடிக்கட்டும். அம்மாவைச் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் பட்டி போட்டு அமர்த்தினால் காலை நீட்டவும் முடியும், வெளியே பார்க்கவும் முடியும்.

எந்த விடுமுறை என்று நீங்கள் எழுதவில்லை. ஏப்ரல் என்றால் வெயில்தான் பிரச்சினை, தண்ணீர் தாராளமாக எடுத்துப் போங்கள். டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவமழை. இரணைமடுவில் வான்கதவு திறந்து நீர் பாயும் காட்சி கிடைக்கலாம், ஆனால் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் குறுக்கிடும். அன்று காலை சாரதி ‘இந்தப் பாதை வேண்டாம்’ என்றால் வாதாடாதீர்கள். ஓகஸ்ட் என்றால் குளத்தில் நீர் குறைந்து காற்றும் புழுதியுமாக இருக்கும், வீதிகள் மட்டும் நன்றாக இருக்கும்.

மடுவையும் மன்னாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஹற்றனுக்குத் திரும்பும்போது வவுனியாவில் ஓர் இரவு தங்குங்கள். அங்கிருந்து மறுநாள் வவுனியா வான் ஒன்றில் மடு மாதா கோயில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், மன்னார்க் கோட்டை, பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம், நேரம் மிஞ்சினால் தலைமன்னார் இறங்குதுறை. போய்வர ஏறத்தாழ 240 கிலோமீற்றர், மெதுவாகவே ஓடலாம். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த வாரத்தில் வவுனியாவில் சும்மா நிற்கும் வான் கிடைக்காது. அப்போது வருவதாக இருந்தால், ரயில் டிக்கெட் எடுக்கும்போதே வானையும் பேசிவையுங்கள்.