மொழி தெரியாத ஊரில் வழி கேட்பது

கேள்வி: அயல்நாட்டுப் பயணத்தின்போது ரயில் நிலையத்துக்கு வழி கேட்டேன். நான் கைகாட்டிய பக்கத்தையே மூன்று பேரும் ஆமோதித்தார்கள். நிலையமோ எதிர்த்திசையில் இருந்தது. அவர்கள் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. இனி யாரையும் கேட்காமல், கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பிப் போகலாமா?

பதில்: கேட்பதை விட்டுவிடாதீர்கள். மூடிக் கிடக்கும் வாசலும் நேற்று தோண்டிய சாலையும் வரைபடத்துக்குத் தெரியாமல் போகலாம். அங்கே வசிப்பவருக்குத் தெரியும். மாற்ற வேண்டியது கேட்கும் விதத்தைத்தான். "இந்தப் பக்கமா?" என்று நீங்களே கைகாட்டினால், பேச்சு புரியாதவரும், அந்நியரிடம் மறுத்துச் சொல்லக் கூசுபவரும் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலின் பொருளும் எங்கும் ஒன்றல்ல. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் வழக்கமாக 'இல்லை' என்று பொருள். ஆகவே, இடத்தின் பெயரையும், 'எங்கே' என்பதற்கான அவர்கள் மொழிச் சொல்லையும் மட்டும் சொல்லிவிட்டு, கையை அசைக்காமல் காத்திருங்கள். தெரிந்தவருடைய கை தானாகவே ஒரு பக்கம் நீளும்.

நம் உச்சரிப்பில் ஊர்ப்பெயர் அவர்களுக்குப் புரியாமல் போவது இயல்பு என்பதால், போகவேண்டிய இடத்தின் பெயரை அவர்கள் எழுத்திலேயே, மூக்குக்கண்ணாடி இல்லாத முதியவரும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி வைத்திருங்கள். தங்கும் விடுதியின் முகவரி அட்டையும் கையில் இருக்கட்டும். கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் அந்த மொழியை முன்னதாகவே பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் உதவும். வரைபடத்தை நீட்டுவதைவிடக் கட்டடத்தின் புகைப்படத்தைக் காட்டுவதையே நான் விரும்புவேன். தம் தெருவையே மேலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாமல் திகைப்பவர்கள் உண்டு. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை, முகவரிகள் மனைத்தொகுதி எண்களால் அமைந்தவை. அங்கே தெருப்பெயரைத் தேடுவதைவிட அடையாளக் கட்டடத்தைக் கேட்பதே பயன் தரும்.

பதில் நீளமாக வந்தால் முழுவதையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள். முதல் திருப்பம் வரை நடந்து, அங்கே இன்னொருவரிடம் கேளுங்கள். தொலைவை அறியக் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினால், எத்தனை நிமிடம் என்று விரல்களால் சொல்லிவிடுவார்கள்.

எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் சுற்றுமுற்றும் பார்க்கத் தொடங்கினால், அவருக்கு வழி தெரியவில்லை என்று கொள்ளுங்கள். ஊகித்து ஏதேனும் சொல்லவேண்டிய சங்கடம் அவருக்கு வருமுன், அவர் மொழியிலேயே நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.