பத்து ஒன்பதுக்காரர்

கேள்வி: எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிலோ துவரம் பருப்பும் கால் கிலோ வெல்லமும் வாங்கப் போனேன். பில் போடும் பெண் செல்போன் நம்பர் கேட்டாள். தர முடியாது என்றதற்கு, நம்பர் இல்லாமல் பில் வராது என்றாள். பைக்குத் தனிக்காசு என்றாள். மீதி இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு அலட்சியம். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று இந்தப் பெண்களுக்குச் சொல்லித் தருவதே இல்லையா? பேசாமல் பழையபடி அண்ணாச்சி கடைக்கே திரும்பிவிடலாமா?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: கேட்டாள், என்றாள், இன்னொரு முறை என்றாள், கொடுத்தாள். சின்னக் கடிதத்தில் நாலு 'ள்'. உள்ளே ஏசி அறையில் இருக்கும் மேனேஜர் இதே நம்பரைக் கேட்டிருந்தால் 'கேட்டார்' என்று எழுதியிருப்பீர்கள். பேசச் சொல்லித் தருவது பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் வழக்கு.

வழக்கில் நியாயம் உங்கள் பக்கம்தான். பொருள் வாங்குகிறவரிடம் செல்போன் நம்பர் கேட்டுக் கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர் அமைப்புகளுக்கு அறிவுறுத்திவிட்டது. 'நம்பர் இல்லாமல் பில் வராது' என்பது சுத்தப் பொய். பில் வரும். எங்கள் ஆபீஸ் பக்கத்துக் கடையில் நானும் ஒருநாள் இதே சண்டையைப் போட்டேன். அந்தப் பெண் பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக, "சார், கட்டத்தைக் காலியா விட்டா எங்களுக்குத் திட்டு விழும். பத்து ஒன்பது அடிச்சிடட்டுமா?" என்றார். 9999999999 என்று அடித்தார். பில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பத்து ஒன்பதுக்காரர் மேல் ஒரு பிரியம். யோசித்துப் பாருங்கள், அந்தக் கடைக் கணினியில் அப்படி ஒரு மனிதர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். காலையில் நாலு பாக்கெட் தோசை மாவு வாங்குகிறார். பதினோரு மணிக்குக் குழந்தைக்கு டயபர், கொஞ்ச நேரத்தில் நரைக்குச் சாயம், சாயங்காலம் மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசி. இவ்வளவு வாங்கியும் பண்டிகைக் கழிவு கேட்டு ஒருநாளும் வந்து நின்றதில்லை. பாயிண்ட் மட்டும் மலையாகக் குவிந்திருக்கும். நான் ஒழுங்காக நம்பர் கொடுத்துக்கொண்டிருந்த மூன்று வருஷத்துப் பாயிண்டுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. கூடவே, யார் யாரோ இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு மனை வாங்கச் சொன்னார்கள். எங்கிருந்து நம்பர் போனது என்று நிரூபிக்க முடியாது, சந்தேகப்படலாம்.

பை விஷயம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அதனால் கடைக்காரர் தரும் பைக்கு விலை உண்டு என்பது சரி. ஆனால் அதைப் பில் போடும் இடத்தில் வந்த பிறகு சொல்வது தவறு. சாமான் எடுக்கத் தொடங்கும் முன்பே தெரியும்படி எழுதி வைத்திருக்க வேண்டும், கடைசியில் சொல்லிக் காசு வாங்குவது நியாயமற்ற நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு பெரிய கடை மீதான வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மறுபக்கம், 2021-ல் இருந்து அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று கூவிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கல்யாணத் தாம்பூலப் பை ஒரு டஜன் கிடக்கும், ஒன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டால் என்ன?

மிட்டாய்க்குச் சட்டமே தேவையில்லை. அடுத்த முறை போகும்போது அதே மிட்டாய்களைச் சேர்த்து எடுத்துப்போய்ப் பில்லுக்குக் கொடுங்கள். வாங்க மாட்டார்கள். ஏன் என்று சத்தமாகக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்.

ஆனால் இந்த மூன்றில் எதை அந்தப் பெண் தீர்மானித்தார்? நம்பர் கட்டத்தை வைத்தது மென்பொருள் வாங்கிய முதலாளி. பைக்கு விலை போட்டதும் அவர்தான். கல்லாவில் சில்லறை இல்லாமல் மிட்டாய் டப்பாவை நிரப்பி வைத்ததும் அவர்தான். திட்டு வாங்குவதற்கு மட்டும் முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியிருக்கிறார் என்று சொன்னது பேச்சுக்காக இல்லை. அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா? நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதைக் கவனித்த உங்களுக்கு இது ஞாபகம் இருக்கிறதா?

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நமக்கு முன்பே 2018-ல் கேரளா செய்தது. அதுவும் சும்மா வரவில்லை, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ய முடியாது என்று வருஷக்கணக்கில் போராடி வாங்கியது. நம் பேட்டைக் கடைகளில் எத்தனையில் பில் போடுபவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறது? நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒன்று இருக்கிறது. அதன்மேல் பில் சுருள் பெட்டியை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் வந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நிற்கிறவர், வரிசையில் முப்பதாவது ஆளாக வந்து சண்டை போடுகிற உங்களை நிமிர்ந்து பார்க்காததை அலட்சியம் என்கிறீர்கள். எனக்கு அது கால்வலி என்று தோன்றுகிறது.

கடைசியாக, அண்ணாச்சி கடை. தாராளமாகத் திரும்புங்கள். அவருக்கும் உங்களைப் பற்றி எல்லாம் தெரியும். ரவை அதிகம் வாங்கினால் 'வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியலை?' என்பார். அதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது, அந்த நோட்டு கல்லாவை விட்டு வெளியே போனதில்லை. அதை நம்பித்தான் சம்பள நாள் வரை கடனும் கொடுத்தார். ஒரே ஒரு சிக்கல். சென்னையில் நிறைய இடங்களில் நீங்கள் தேடும் அண்ணாச்சி கடைதான் பக்கத்துக் கடையையும் பிடித்து, நடுச்சுவரை இடித்து, ஏசி போட்டு, சூப்பர் மார்க்கெட் என்று போர்டு மாட்டியிருக்கிறது. உங்கள் தெருமுனைக் கடையின் முதலாளி யார் என்று விசாரித்துப் பாருங்கள். அண்ணாச்சியின் மகனாகவே இருக்கலாம். இருந்தால் நம்பர், பை, மிட்டாய் மூன்றையும் நேராக அவரிடமே கேளுங்கள். கேட்கிற கையோடு அந்த ஸ்டூலையும் கேட்டுவிடுங்கள். அவர் அப்பா கல்லாவில் உட்கார்ந்துதான் வியாபாரம் பார்த்தார்.