இறவைச் சோளத்துக்கு எருவா, ரசாயன உரமா?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு ஏக்கரில் கிணற்றுப் பாசனத்தில் சோளம் போடுகிறேன். போன முறை எரு இல்லாததால் 2 மூட்டை டிஏபி மட்டும் அடியுரமாகக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் குருத்து வெளுத்துவிட்டது. இந்த முறை 5 டன் மாட்டு எரு இருக்கிறது. அதுவே போதுமா?

பதில்: 5 டன் எரு ஏக்கருக்குச் சரியான அளவு. நன்றாக மக்கியிருந்தால் கடைசி உழவில் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அவ்வளவு எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 25 கிலோ இருக்கும். அதிலும் ஒரு பங்குதான் இந்தப் போகத்துக்குக் கிடைக்கும், மீதி மெல்ல மெல்லத்தான் வரும். எருவோடு சேர்த்து ஏக்கருக்குத் தழைச்சத்து 36, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 18, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 18 கிலோ உரமாகக் கொடுக்க வேண்டும். மண் பரிசோதனை செய்யாதவர்களுக்கான பொதுப் பரிந்துரை இது. செய்துவிட்டால் அந்த அட்டைப்படியே போடுங்கள்.

போன முறை நடந்ததைப் பாருங்கள். 2 மூட்டை டிஏபியில் மணிச்சத்து 46 கிலோ. தேவையைப் போல இரண்டரை மடங்கு! மணிச்சத்து மிதமிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும். குருத்து இலையின் அடியில், நடுநரம்புக்கு இருபுறமும் பட்டை பட்டையாக வெளுத்து, நரம்பும் ஓரமும் பச்சையாகவே இருந்ததா? அப்படியென்றால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறைதான். இந்த முறை ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். டிஏபியோடு மட்டும் கலக்கவே கூடாது. வெளுப்பு இலை நெடுகக் கோடு கோடாக இருந்திருந்தால் இரும்புக் குறை. அதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்க வேண்டும்.

அடியுரமாக டிஏபி 39 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ, யூரியா 24 கிலோ போதும். அப்புறம் விதைத்த 15-ம் நாளும் 30-ம் நாளும் 20 கிலோ யூரியா வீதம், களை எடுத்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது கொடுங்கள். போன முறை நீங்கள் விட்டது இந்த மேலுரத்தைத்தான். கதிர் திரட்சி இதை நம்பித்தான் இருக்கிறது.

அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் 4 பொட்டலத்தை 10 கிலோ எரு, 10 கிலோ மண்ணோடு கலந்து விதைப்புக்கு முன் தூவலாம். ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள்.

மாடு வைத்திருப்பதால் ஒன்று சொல்கிறேன்: யூரியா போட்ட இளம் சோளத்தில், அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில், நச்சு அதிகம். பூ எடுக்கும்வரை மாட்டை உள்ளே விடாதீர்கள், அறுத்தும் போடாதீர்கள்.